விக்கியின் எடுப்பு

என் மச்சான் லோகேஸ்வரன் பொய் சொல்ல மாட்டான். இதைக் கோர்ட்டில் நிறுத்தினாலும் சொல்வேன். பொய் சொல்லாமலேயே ஒருவன் கழுத்தை அறுக்க முடியும் என்பதைப் போன சனிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன். பாக்கார் ஆராங்கில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் எர்னஸ்டின் ஸ்டூடியோவில் அது நடந்தது.

நாங்கள் ஓர் உருமி மேளக் குழு. லோகேஸ் பாடுவான். குழுவுக்குத் தலைவனும் அவன்தான். என் மனைவி பிரேமாவதிக்குக் கூடப்பிறந்த அண்ணன். தவில் சின்னையா அண்ணன், பம்பை அம்மாசி, ஜால்ரா திவாகரன். நான் குணாளன், உருமி வாசிப்பவன். மற்ற நாள்களில் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். முன்பு எங்களோடு இன்னொரு தவிலும் இருந்தது. அதை வாசித்தவன் என் தம்பி விக்னேஸ்வரன்.

விக்கி இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை பாலிங் ரோட்டில் மரம் ஏற்றிய லாரி அடித்துவிட்டது. மறுநாள் மதியம் சவப்பெட்டி வீட்டிலிருந்து கிளம்பியது.

எங்கள் பக்கத்தில் பெட்டியைத் தூக்குவதற்கு எடுப்பு என்று பெயர். 'எத்தன மணிக்கு எடுப்பு' என்று கேட்டால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அடிக்கிற அடிக்கும் அதே பெயர்தான். எத்தனையோ வீடுகளில் எடுப்பு அடித்திருக்கிறோம். கூலிக்கு அடிப்போம், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வோம், முடிந்ததும் கடைக்குப் போய் சுடச்சுடத் தே தாரே குடிப்போம். ஆனால் விக்கியின் பெட்டியைத் தூக்கியபோது எனக்கு அழுகை வரவில்லை. வளைந்த குச்சியை உருமித் தோலில் வைத்து இழுத்தேன். வழக்கமாக வரும் எடுப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது. நீளமாக இரண்டு இழுப்பு, பிறகு அவசரமாக மூன்று தட்டு, மறுபடியும் இழுப்பு. போகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது என்று அம்மா பிறகு சொன்னார். ஒரு சுற்று கேட்டுவிட்டு சின்னையா அண்ணன் தவிலில் அதைப் பிடித்துக்கொண்டார். பம்பையும் சேர்ந்தது. சுடுகாடு வரைக்கும் அதையேதான் அடித்துக்கொண்டு போனோம்.

அதற்குப் பிறகு அதை நான் தொடவில்லை. வேறு இழவு வீடுகளில், அன்றைக்கு அடித்தீர்களே அதை அடியுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அது விக்கிக்காக வந்தது, விக்கியோடு போகட்டும். ஒரு நாள் ஒத்திகையில் அம்மாசி விளையாட்டாக அதை ஆரம்பித்தபோது பம்பையையே பிடுங்கி மூலையில் வைத்துவிட்டேன். என் கோபம் ஊர் அறிந்தது. குழுவில் யாருக்கும் அதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

போன மாதம் லோகேஸ் வீட்டுக்கு வந்தான். நன்றாகச் சாப்பிட்டான். விக்கியின் திதி வருவதைப் பற்றிப் பேசினான். அப்படியே பேச்சோடு பேச்சாக, விக்கியின் எடுப்பை ஸ்டூடியோவில் ஒரு தடவை ஒழுங்காகப் பதிவு செய்து வைத்துவிடலாமே என்றான். எனக்கு வயதாகிவிட்டால், கை நடுங்க ஆரம்பித்தால், அது எங்கே இருக்கும் என்று கேட்டான். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பிரேமா தொட்டியில் மீன் அலசிக்கொண்டிருந்தவள், செய்யுங்களேன் என்று திரும்பாமலேயே சொன்னாள். அழுகிறாள் போலிருக்கிறது, அதனால்தான் முகத்தைக் காட்டவில்லை என்று நினைத்தேன். நான் எப்படிப்பட்ட அறிவாளி என்பது இதிலேயே தெரியும்.

"எடுப்பு மட்டுந்தானலா?" என்று லோகேஸிடம் கேட்டேன். "வேற அடி எதுவும் சேக்க மாட்டியே?"

"எடுப்பு மட்டுந்தான் மாப்ள," என்றான்.

ஒரே ஒரு தடவை, விக்கி பெயரில், அதற்குப் பிறகு கிடையாது என்று சொல்லி ஒத்துக்கொண்டேன்.

எர்னஸ்ட் நல்ல பையன். தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவன். எங்கள் மேளத்தில் எது சாமிக்கு, எது சாவுக்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. சனிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னான். உள்ளே பலகைத் தரை, சுவர் முழுக்க மெத்தை ஒட்டியிருந்தது, குளிர்சாதனத்தின் குளிர் எலும்பு வரைக்கும் போனது. வழக்கப்படி உருமிக்கு முன்னால் சூடம் ஏற்றலாம் என்று எடுத்தேன். அவன் கூச்சத்தோடு கூரையில் இருந்த புகை அலாரத்தைக் காட்டினான். சூடத்தைத் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு, உருமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

எல்லாரும் சேர்ந்து வாசிக்க முடியாது என்றான் எர்னஸ்ட். ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குள் போகவேண்டும். முதலில் மேளம், பாட்டு கடைசியில். எங்கள் வழக்கம் நேர்மாறானது. பாடுகிறவன் குரல் கொடுத்த பிறகுதான் மேளம் எழும்பும். அவன் குரலை வைத்துத்தான் யாருக்கு அடிக்கிறோம், எதற்கு அடிக்கிறோம் என்று கைக்குத் தெரியும். பாட்டே இல்லாமல் மேளமா என்று கேட்டேன். வீடு கட்டும்போது கூரைக்கு முன்னால் தூண் வைப்பதில்லையா என்று எர்னஸ்ட் சிரித்தான். லோகேஸும், நீ முதலில் வாசித்துவிடு, நான் பிறகு மேலே பாடிக்கொள்கிறேன் என்றான். முதல் வரியில் விக்கியின் பெயர் வரவேண்டும் என்று அவனிடம் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

காதில் மாட்டிய கருவியில் டிக் டிக் என்று ஒரு சத்தம் ஓடியது. அதற்கு ஏற்றபடி வாசிக்கவேண்டுமாம். சத்தம் வேகமாக இருந்தது. இந்த வேகத்துக்குப் பெட்டி தூக்குகிறவன் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும் என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எர்னஸ்ட் புரியாமல் லோகேஸைப் பார்த்தான். லோகேஸ் மைக்கை வாங்கி, போனில் கேட்கிறவர்களுக்கு மெதுவாக இருந்தால் தூக்கம் வந்துவிடும், கொஞ்சம் ஏற்றி அடி என்றான். சரி, காலம் அப்படி இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

குச்சியைத் தோலில் வைத்ததும் கண்ணாடி, டிக் டிக் எல்லாம் மறைந்துபோனது. அம்மாவின் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நின்றேன். விக்கியை நான்கு பேர் தூக்குகிறார்கள். வேகமாக அடித்ததால் அது இன்னும் மோசமாக இருந்தது, அவனை அவசரம் அவசரமாகக் கொண்டுபோகிற மாதிரி. அன்றைக்கு வராத அழுகை இந்தக் குளிரறையில் வந்தது. கை நிற்கவில்லை. கடைசித் தட்டு முடிந்து நிமிர்ந்தபோது எர்னஸ்ட் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் எங்கள் ஆள்கள் நின்றிருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

என்மேல் உள்ள மரியாதை என்று நினைத்தேன். வெளியே வந்ததும் திவாகரன் கீழே ஓடிப்போய் எனக்கு மட்டும் தே தாரே வாங்கிவந்தான். அம்மாசி தன் நாற்காலியைக் கொடுத்தான். ஜென்மத்தில் யாருக்கும் நாற்காலி கொடுக்காதவன். சின்னையா அண்ணன் என் தோளில் கை வைத்தார், ஏதோ சொல்ல வந்தார், பிறகு தவிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வாசித்ததைக் காதில் கேட்டபடி அவர் வாசித்தார். பிறகு பம்பை, பிறகு ஜால்ரா. எல்லாரும் ஒரே தடவையில் முடித்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்து, இவர்கள் என் தம்பியை மறக்கவில்லை என்று மனம் நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்கு நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் வாங்க லோகேஸ் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே போனான். சின்னையா அண்ணன் மட்டும் சோபாவில் உட்கார்ந்து, தவிலுக்கு மாட்டும் விரல் கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். எர்னஸ்ட் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினான். அவன் முகம் பூராவும் சந்தோஷம்.

"எடுப்பு ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே," என்றான். "பொண்ணு கதவுகிட்டேருந்து மேட வரைக்கும் நடந்து வர்றதுக்கு கரெக்டா இருக்கும்."

எந்தப் பெண் என்று கேட்டேன்.

மெர்கோங் கல்யாணப் பெண்தான் என்றான் அவன். அலோர் ஸ்டாரில் பெரிய மண்டபம், மெர்கோங்கில் இருக்கும் ஒரு குத்தகைக்காரர் வீட்டுக் கல்யாணம், மணப்பெண் உள்ளே நுழையும்போது போட அவளுக்கென்றே ஒரு பாட்டு. லோகேஸ் போன வாரமே வந்து மாதிரிக்குப் பாடிக் கொடுத்துவிட்டானாம். கேட்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பொத்தானை அமுக்கினான். என் உருமிமேல், என் தம்பிமேல், லோகேஸின் குரல் ஏறி உட்கார்ந்தது. 'வாராளே வாராளே வைரத்தோடு மின்ன, ஊரே எழுந்து நிக்குது உன் பாதம் பாக்க.'

நான் நிறுத்தச் சொன்னேன். அவன் உடனே நிறுத்தினான். பாட்டு பிடிக்கவில்லையோ என்று நினைத்து, மணப்பெண்ணே தேர்ந்தெடுத்த அடி இது என்று ஆறுதலாகச் சொன்னான். லோகேஸ் எப்போதோ போட்ட ஒரு வீடியோவில் பார்த்தாளாம், இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். போனை எடுத்து அதையும் காட்டினான். கறுப்புச் சட்டையில் என் கை, தவில், பம்பை, வெயில். வேறு எதுவும் தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். ஒரே ஒரு கணம் ஓரத்தில் செவ்வந்தி மாலை ஒன்று தெரிந்து மறைந்தது. அது விக்கியின் பெட்டியில் கிடந்த மாலை. கோயில் திருவிழா என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள், பாவம்.

எடுப்பு என்றால் என்ன என்று எர்னஸ்டிடம் கேட்டேன். பாட்டு ஆரம்பிக்கிற இடம்தானே என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. பாட்டுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் எடுப்பு எது என்று அவனுக்குச் சொன்னேன். அவன் வாய் திறந்தபடி இருந்தது. கை தானாகக் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தெரியாதண்ணே, சத்தியமாகத் தெரியாதண்ணே என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்துக்கு உரியவன் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தான்.

லோகேஸ் என் முகத்தைப் பார்த்ததுமே பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டான். இப்படி ஒரு நேரம் வரும் என்று தெரிந்து வைத்திருந்தவன் மாதிரி நின்றான்.

"யாரோட எடுப்புலா இது?" என்றேன்.

"எடுப்புன்னுதான் உன்கிட்ட சொன்னேன். எடுப்புன்னுதான் அவங்ககிட்டயும் சொன்னேன். இதுல நான் எங்க பொய் சொன்னேன், சொல்லு."

அவன் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பிறகு அவன் நிறையப் பேசினான். கல்யாணத்துக்கு எல்லாரும் டிஜே கூப்பிடுகிறார்கள், நம்மைக் கூப்பிடுவது சாவுக்கும் தைப்பூசத்துக்கும்தான், அந்த மண்டபத்தில் ஒரு தடவை இது ஒலித்துவிட்டால் கெடா மாநிலம் முழுக்க நம் பெயர் தெரியும் என்றான். தோலுக்கும் குச்சிக்கும் கல்யாணம் எது சாவு எது என்று தெரியுமா என்றான். விக்கி இருந்தால் அவனே முதல் ஆளாக ஆடுவான் என்றான். கடைசியாகச் சொன்னதற்கு அவன் வாயிலேயே ஒன்று விட்டிருப்பேன். அம்மாசி குறுக்கே வந்து நின்றுகொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாசி ஆச்சரியப்படவில்லை. திவாகரனும் ஆச்சரியப்படவில்லை. தே தாரே, நாற்காலி, தோளில் வைத்த கை எல்லாவற்றுக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. நான் உள்ளே அழுதுகொண்டே வாசித்தபோது இவர்கள் வெளியே நின்று, எல்லாம் தெரிந்துகொண்டு பார்த்திருக்கிறார்கள். கழற்றிய விரல் கூடுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருந்த சின்னையா அண்ணனைப் பார்த்து, நீங்களுமா என்று கேட்டேன். எனக்கு அவர் அப்பா ஸ்தானம். அவர் நிமிரவில்லை.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் தம்பி," என்றார். "சொல்லிட்டு, வந்து வாசிச்சிட்டேன்."

போனை எடுத்துப் பிரேமாவைக் கூப்பிட்டேன். உன் அண்ணன் செய்த காரியத்தைக் கேள் என்று அத்தனை பேர் முன்னாலேயும் கத்தினேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. பின்னால் துணி துவைக்கிற இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"அண்ணே சொல்லிச்சு," என்றாள். "ஒங்ககிட்ட சொன்னா நீங்க அடிப்பீங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு வருசமா நம்ப வீட்டுல எடுப்பு மட்டுந்தாங்க நடக்குது. அது ஒரு கல்யாணத்துக்குப் போனா போகட்டுமேன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மீன் அலசியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அழவில்லை என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. குழுக்காரன் ஏமாற்றினான், மச்சான் ஏமாற்றினான், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ராத்திரி பக்கத்தில் படுக்கிறவளும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறாள் என்றால் நான் எந்த வீட்டுக்குப் போவது?

எர்னஸ்டின் பக்கம் திரும்பி, நான் வாசித்ததை அழித்துவிடு என்றேன்.

அவன் லோகேஸைப் பார்த்தான். லோகேஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீங்க வாசிச்சது ஒங்களோடதுண்ணே," என்றான் எர்னஸ்ட். "அழிச்சிடறேன். ஆனா திரும்ப எடுக்க முடியாது."

திரையில் என் உருமி ஒரு நீளமான கோடாக, மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. கடைசியில் ஓரிடத்தில் கோடு கலங்கலாக இருந்தது. நான் அழுத இடமாக இருக்கலாம். விக்கிக்கு வாசித்ததில் உலகத்தில் முழுசாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அழி என்றேன். எர்னஸ்ட் ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினான். கோடு போய்விட்டது. அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நான் நினைக்கவில்லை.

என் தம்பியை இவர்கள் கையிலிருந்து வாங்கிவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி. உருமியை உறையில் போட்டு, பையைத் தோளில் மாட்டி, கதவுப் பக்கம் நடந்தேன். லோகேஸ் என்னைத் தடுக்கவில்லை. பின்னாலிருந்து அவன் எர்னஸ்டிடம் சொல்வது கேட்டது.

"மிச்சத்தப் போடு."

தவில் எழும்பியது. இரண்டு நீளம், மூன்று அவசரம். பம்பை அதன்மேல் ஏறியது. ஜால்ரா கூடவே ஓடியது. உருமி இல்லை, ஆனால் அடி அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. எப்படிக் குறையும்? இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரைக்கும், வெயிலில் நடந்துகொண்டே, சுற்றுக்குச் சுற்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை எந்தப் பொத்தானை அமுக்கி அழிப்பது?

அதற்குமேல் லோகேஸின் குரல் வந்தது. வாராளே வாராளே. நன்றாக இருந்தது. சண்டாளன் நன்றாகத்தான் பாடியிருந்தான். தூரத்தில் கதவு திறக்கிறது, பட்டுப்புடவையில் ஒரு பெண் நடந்து வருகிறாள், எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அது என் கண்ணுக்கே தெரிந்தது. உருமி இழுக்கவேண்டிய இடங்கள் மட்டும் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தன.

கதவைத் திறக்கக் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வெற்றிடம் ஒவ்வொரு தடவை வரும்போதும் பலகைத் தரையில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் திவாகரன் குனிந்து பார்த்தான். பிறகு சின்னையா அண்ணன் பார்த்தார். லோகேஸும் பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியாக நான் பார்த்தேன். செருப்பில்லாத என் வலது கால், சரியான இடத்தில், சரியான வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். அடுத்த சுற்றில் அது மறுபடியும் தட்டியது.